கழுவக் கழுவத் திரும்பி வரும் தொட்டிப் பாசி

கேள்வி: வீட்டில் 60 லிட்டர் மீன் தொட்டி, ஜன்னல் ஓரமாக இருக்கிறது. ஏழெட்டு நியான் டெட்ரா, ஒரு சக்கர் மீன், இரண்டு அனுபியாஸ் செடி. காலையில் போடும் விளக்கை இரவு படுக்கும்போதுதான் அணைக்கிறோம். கண்ணாடியில் பச்சைப் பாசி படர்கிறது. ஃபில்டர் குழாயிலும் இலை ஓரங்களிலும் கறுப்பு முடி போல ஒன்று கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறது, தேய்த்தாலும் போவதில்லை. மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து கல், மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அலசி வைக்கிறேன். இரண்டே வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. பாசிக்கொல்லி மருந்து ஊற்றலாமா?

பதில்: மருந்து வேண்டாம். அதைவிட முக்கியமாக, மாதாமாதம் தொட்டியைக் காலி செய்வதை முதலில் நிறுத்துங்கள். இவ்வளவு பாடுபட்டும் பாசி போகாததற்கு அந்தக் கழுவலே ஒரு காரணம்.

ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அவற்றில் பெரும்பங்கு அழிந்துவிடும். அவை பழையபடி பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த கழுவலுக்கு வந்துவிடுகிறீர்கள். ஆக, உங்கள் தொட்டி எப்போதுமே நேற்று வைத்த புதுத் தொட்டியாகவே இருக்கிறது. தண்ணீர் நிலைப்படாத தொட்டியில் செடி தடுமாறும், மீனுக்கும் ஆபத்து. பாசி மட்டும் செழிக்கும்.

இனி வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். சைஃபன் குழாயால் மணலின் மேல் தங்கிய அழுக்கை உறிஞ்சி எடுத்தாலே போதும். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சில் அழுக்கு அடைத்து நீரோட்டம் குறையும்போது மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த அதே பழைய தண்ணீரில் பிழிந்து திரும்ப வையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பாசிக்கு வேண்டியவை இரண்டு: வெளிச்சமும் சத்தும். உங்கள் தொட்டியில் இரண்டுமே அளவுக்கு மீறிக் கிடைக்கின்றன. மீனுக்கு விளக்கு தேவையில்லை, அறை வெளிச்சமே போதும். விளக்கு செடிக்காக, அதிலும் அனுபியாஸ் நிழலில் மெதுவாக வளரும் செடி. ஒரு டைமர் வாங்கி விளக்கை நாளுக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள். கையால் போட்டு அணைத்தால் ஒருநாள் மறக்கும், ஒருநாள் விருந்தாளி வருவார்கள், டைமர்தான் சரி. நிலைமை சீரானபின் வேண்டுமானால் 8 மணி வரை கூட்டலாம். தொட்டியை நேரடி வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். மாற்ற வழியில்லை என்றால் ஜன்னல் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கருநிறத் தாள் ஒட்டிவிடுங்கள்.

தீனியையும் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. மிஞ்சியது அழுகி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்கும். அந்தச் சத்தைப் பாசிக்கு முன் உறிஞ்ச வேகமாக வளரும் செடி வேண்டும். அனுபியாஸால் அது முடியாது. ஹார்ன்வொர்ட், வாட்டர் விஸ்டேரியா, அல்லது மேலே மிதக்கும் சால்வினியா போன்றவற்றில் ஒரு கைப்பிடி போடுங்கள். மிதக்கும் செடி வெளிச்சத்தையும் தணிக்கும். நீர்ப்பரப்பு முழுவதையும் மூடாதபடி அவ்வப்போது அள்ளி எறிந்துவிடுங்கள்.

இனி அந்தக் கறுப்புக் கொத்துகள். பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது; மீன் வளர்ப்பவர்கள் பிளாக் பியர்ட் என்பார்கள். தேய்த்தால் போகாது, ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் பணியும். மருந்துக் கடையில் கிடைப்பதுதான். லேபிளைப் பாருங்கள்: 3% என்றால் அப்படியே பயன்படுத்தலாம், 6% என்றால் சம அளவு தண்ணீர் கலந்து 3% ஆக்கிக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டிக்கு ஒருமுறைக்கு 20 மில்லிக்கு மேல் போக வேண்டாம். முதலில் ஃபில்டரை நிறுத்துங்கள், நீரோட்டம் அடங்கட்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கொத்தின்மேல் நேராக, மெதுவாக விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிடுங்கள். இரண்டொரு நாளில் கறுப்பு மாறி இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் வந்தால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வெளுத்து உதிரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், ஒரு பகுதி, இரண்டு மூன்று நாள் இடைவெளி, அடுத்த பகுதி என்று போங்கள். குழாயைக் கழற்ற முடிந்தால் வெளியே எடுத்தே ஊறவைக்கலாம். பாசி முழுக்க மூடிய அனுபியாஸ் இலையைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், காம்போடு வெட்டிவிடுங்கள். பெராக்சைடு வாலிஸ்நேரியாவையும் மாஸ் வகைச் செடிகளையும் கருக்கும். அந்தச் செடிகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் இருப்பது எளிது. மேக்னட் கிளீனர் போதும். பச்சைப் புள்ளிகளாக இறுகியிருந்தால் பிளேடால் சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டியில் மட்டும் பிளேடு கூடாது, கீறல் விழும்.

பாசிக்கொல்லியை நான் தடுப்பதற்குக் காரணம் உண்டு. சில மருந்துகளில் செம்பு இருக்கும். பின்னாளில் நீங்கள் விட நினைக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அது சிறிய அளவிலேயே விஷம். செம்பு இல்லாத மருந்தாக இருந்தாலும், ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுவிடத் திணறுவது அப்போதுதான். அழுகிய பாசியின் சத்தோ தண்ணீரிலேயே தங்கி அடுத்த பாசிக்கு உரமாகிவிடும்.

சக்கர் மீன் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: சாதாரண சக்கர் 30 செ.மீ. தாண்டி வளரும். 60 லிட்டர் அதற்கு எந்த வகையிலும் போதாது. கறுப்புக் கொத்தை அது தொடாது. கழிவை நிறையப் போட்டுத் தண்ணீரைக் கெடுக்கும். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவது அதற்கும் நல்லது. ஆற்றிலோ குளத்திலோ மட்டும் தயவுசெய்து விடாதீர்கள், அங்கிருக்கும் மீன்களுக்கு அது பெரும் தொல்லை. அதற்குப் பதில் இரண்டு நெரைட் நத்தைகள் விடலாம். நன்னீரில் அவை குஞ்சு பொரிக்காது, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டுவது மட்டும்தான் குறை. அமானோ இறால்கள் பெராக்சைடில் வெளுத்த கொத்துகளை நன்றாகப் பிய்த்துத் தின்னும். இவற்றை விடுவது தண்ணீர் நிலைப்பட்ட பிறகு, கடைசியாக.

பச்சையும் நீலமும் கலந்த வழுவழுப்பான படலம் மணலைப் போர்த்தி, தொட்டாலே தாளாக உரிந்து வந்து நாற்றமடித்தால், அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உங்கள் விவரத்தில் அதன் அறிகுறி இல்லை. தென்பட்டால் எழுதுங்கள், அதற்கு வைத்தியம் வேறு.

ஆறேழு வாரம் அவகாசம் கொடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அப்போது பொறுமையிழந்து மறுபடி தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். பழைய இலைகளை வைத்து முடிவுகட்ட வேண்டாம், அவற்றில் படிந்த கறை அப்படியே இருக்கும். அனுபியாஸில் புதிதாக விரியும் இலையின் ஓரத்தைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், இதே வழியில் தொடருங்கள். அதிலும் கறுப்பு முளைத்தால் விளக்கை இன்னும் ஒரு மணி நேரம் குறைத்து, தீனியையும் வாரத்தில் ஒருநாள் நிறுத்திப் பாருங்கள்.