காதுகுத்தில் சிரித்ததற்கு – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஐந்தாறு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவருக்கு 43 வயது. இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன. பதினான்கு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. என் கிட்னி பொருந்தவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை. அதனால் அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். ‘நல்லதையே நினை, நல்லதே நடக்கும்.’ நானும் அப்படித்தான் நினைத்தேன். தீபாவளிக்குள் கிடைத்துவிடும் என்று இருந்தேன். அப்புறம் பொங்கல். அப்புறம் மகளுக்குப் பரீட்சை முடிவதற்குள். ஒவ்வொன்றும் தாண்டிப் போனது. இப்போது யாராவது நம்பிக்கையாகப் பேசினாலே எரிச்சல் வருகிறது. கோயிலுக்குப் போனாலும் கோபம்தான் வருகிறது.

போன வாரம் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. அங்கே ஒரு விஷயத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அத்தை ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இவர் மண்டபத்து மூலையில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், நான் சிரிக்கிறேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

என்னை நானே ஏமாற்றிக்கொள்ளாமல் நம்பிக்கையோடு இருக்க முடியுமா? இந்த நிலைமையில் சந்தோஷப்படுவது சரியா?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. என் அண்ணன் 2015 முதல் 2019 வரை டயாலிசிஸில் இருந்தார். அந்த நாலு வருடத்தையும் உங்கள் கடிதம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது.

முதலில் காதுகுத்து விஷயம். நீங்கள் சிரித்தது சரி. எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

‘நல்லதையே நினை, நல்லதே நடக்கும்’ என்பதைச் சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தைக்குள் ஒரு முள் இருக்கிறது. நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும் என்றால், நடக்காதபோது யார் மேல் தப்பு? சரியாக நினைக்காத உங்கள் மேல். ஏற்கெனவே பாரம் சுமக்கிறவள் தலையில் இன்னொரு கல். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியல் ரத்த வகையைப் பார்க்கிறது, யார் முன்னால் பதிந்தார்கள் என்று பார்க்கிறது. நீங்கள் அழுதீர்களா சிரித்தீர்களா என்று பார்ப்பதில்லை. உங்கள் கோபத்தால் அந்த வரிசையில் ஒரு இடம்கூடப் பின்னால் போகாது. கோபம் வந்தால் வரட்டும். சாமி மேலும் வரட்டும்.

அடுத்தது, நாள் குறிப்பது. நாங்களும் இதைச் செய்தோம். அண்ணி ஆடி முடியட்டும் என்பார், தை பிறக்கட்டும் என்பார். அந்த நாள் வரும்வரை வீடு முழுக்க ஒரு உற்சாகம். தாண்டியதும் பத்து நாள் யாரும் யாரோடும் பேசமாட்டோம். இரண்டு முறை இப்படி ஆனபிறகு அண்ணனே ஒருநாள் சொன்னார்: “இனிமே எனக்கு நாள் குறிக்காதீங்க. வர்றப்ப வரட்டும். இன்னைக்கு என்ன செய்யணுமோ அதைச் சொல்லுங்க.”

அண்ணன் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு எலிஃபண்ட் தீவு அடிக்கடி நினைவுக்கு வரும். 1915இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்ற துருவப் பயணியின் கப்பல் அண்டார்டிகாவின் பனிக்கடலில் நசுங்கி மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 28 பேர். மாதக்கணக்கில் பனிப்பாளத்தில் மிதந்து, அப்புறம் படகுகளில் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். மனித வாசமே இல்லாத பாறை. 1916 ஏப்ரல் 24 அன்று ஷாக்கிள்டன் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்னப் படகில் உதவி தேடிப் போனார். மிச்சம் 22 பேர். ஃபிராங்க் வைல்ட் என்பவரின் பொறுப்பில் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகளின் அடியில்தான் குடித்தனம். சீல் கறியும் பென்குவின் கறியும்தான் சாப்பாடு. ஒரு இளைஞனுக்குக் கால்விரல்கள் பனியில் அழுகிப்போய், அந்தப் படகுக்கு அடியிலேயே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே இவர்களுக்குத் தெரியாது. வைல்ட் தினமும் காலையில் என்ன செய்தார் தெரியுமா? “படுக்கையைச் சுருட்டி வையுங்கள், தலைவர் இன்றைக்கு வரலாம்” என்பார். வருவார் என்று சொல்லவில்லை, வரலாம். எல்லோரும் எழுந்து படுக்கையைச் சுருட்டி வைப்பார்கள். அதே சமயம், வராமலே போனால் அக்டோபரில் மிச்சமிருக்கும் படகில் நாமே கிளம்ப வேண்டியதுதான் என்ற திட்டமும் அவரிடம் இருந்தது. ஆகஸ்ட் 30 அன்று, 128 நாளுக்குப் பிறகு, கப்பல் வந்தது. 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பாஞ்சோ விஷயம். கம்பி மீட்டுகிற ஒரு வாத்தியம் அது. கப்பலைக் கைவிட்டபோது ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள்தான் எடுத்துவரலாம் என்று ஷாக்கிள்டன் கட்டளை போட்டார். தன்னிடம் இருந்த தங்கக் காசுகளையே பனியில் வீசிவிட்டுக் காட்டினார். ஆனால் குழுவில் இருந்த ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோவை, ஐந்து கிலோவுக்கு மேல் எடை இருந்தும், விடாமல் எடுத்து வரச் சொன்னார். அது மனதுக்கான மருந்து, நமக்கு அவசியம் என்றார். எலிஃபண்ட் தீவில் சனிக்கிழமை ராத்திரிகளில் அந்த வாத்தியத்தோடு பாடிக்கொண்டிருந்தார்கள். விரல் வெட்டப்பட்டவனும் அதே படகுக்கு அடியில்தான் இருந்தான். பசியும் அப்படியே இருந்தது. சந்தோஷத்தை அவர்கள் சாமான் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள், எல்லாம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவில்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டயாலிசிஸில் இருப்பவருக்கு முதல் எதிரி தண்ணீர். உள்ளே போவது பெரும்பாலும் சிறுநீராக வெளியே வராது. அண்ணனுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காலையில் அண்ணி ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டரை அளந்து வைப்பார். காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிட வேண்டும். ரசம் விட்டுக்கொண்டால் அதற்கும் ஊற்ற வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. உடம்பில் பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் இளநீர், வாழைப்பழம் எல்லாம் கிடையாது. காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமையல்.

இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த இடம். தூங்கி எழுந்ததும் அண்ணன் கண்ணைக்கூடத் திறக்காமல் வலது கை இரண்டு விரலை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ரத்தம் ஓடினால் தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு இருக்கும், தேனடையைத் தொட்டது மாதிரி. அது நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விரலை வைப்பார், ஒரு நிமிடம் இருப்பார், “ஓடுது” என்பார். அப்புறம்தான் கண் திறப்பார். சில நாள் என் விரலையும் பிடித்து அங்கே வைப்பார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் நம்பிக்கை என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஒரு நிமிடம்தான். நேற்று ஓடியதே என்று அவர் விட்டுவிடமாட்டார். நாளைக்கு நின்றுவிடுமோ என்று இன்றைக்கே அழவும்மாட்டார். விரலை வைத்துப் பார்ப்பார்.

2017இல் ஒருமுறை ராத்திரி பதினொரு மணிக்குத் திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கிட்னி இருக்கிறது, உடனே வாருங்கள், எதுவும் சாப்பிட வேண்டாம் என்றார்கள். கும்பகோணத்திலிருந்து கார் பிடித்து ஓடினோம். அங்கே இன்னும் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தோம். விடியப்போகும் நேரத்தில் ஒரு டாக்டர் வந்து, உங்களுக்குப் பொருந்தவில்லை, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் என்றார். அண்ணன் எழுந்து போய் அந்தப் பக்கத்து ஆளின் கையைப் பிடித்து “நல்லபடியா முடியும்” என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. கார் ஏறும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வல்லம் பக்கத்தில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆவி பறக்க நாலு இட்லி, சாம்பார் வேண்டாம், பொடி மட்டும். அரை டம்ளர் காபி. அந்தக் காபியை அவர் குடித்த விதத்தை என்னால் எழுதிக்காட்ட முடியவில்லை. ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்திருந்துதான் விழுங்கினார். “டேய், டிகாக்‌ஷன் எப்படி இறங்கியிருக்கு பாரு” என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிட்னி கிடைக்காமல் திரும்புகிற வழியில், ரோட்டோரத்தில், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் பாடியதாக ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, 194ஆம் பாட்டு. ஏழே அடிதான். ‘ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’ என்று தொடங்கும். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண மேளம். ஒரு பெண் பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தி கண்ணில் நீர் வழிய நிற்கிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் நிச்சயமாகப் பண்பு கெட்டவன்தான் என்கிறார் புலவர். பார்த்தீர்களா, கோயிலில் உங்களுக்கு வரும் கோபம் அவருக்கும் வந்திருக்கிறது. அதை மறைக்காமல் பாட்டிலேயே வைத்தார். அப்புறம் கடைசி இரண்டு அடி: ‘இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே.’

உலகம் கொடியதுதான் என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு இனியவை வரும் என்று ஆறுதல் சொல்லவில்லை, ‘காண்க’ என்கிறார். இருப்பதைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அதுவும் உலகத்தின் இயல்பு தெரிந்தவர்களிடம். தெரியாதவர்களுக்கு அவர் சொல்லவே இல்லை. நீங்கள் தெரிந்தவர். பதினான்கு மாதம் அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்களைப் போலக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பாட்டின் முதல் அடி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு வரப்போகிற அந்த போன், வேறொரு வீட்டில் யாரோ அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டபிறகு வருவது. 2023 செப்டம்பரில் இங்கே உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன். திருச்சியிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம் அவர் கேட்டார், “அந்தப் பையன் வீட்டுல இப்ப என்ன பண்ணிட்டு இருப்பாங்க?” கொடுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவராக ஒரு பையனை மனதில் வைத்துக்கொண்டிருந்தார்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கிட்னி கிடைக்கவில்லை. 2019இல், 61ஆவது வயதில், மாரடைப்பில் போனார். அவருக்கு இதயம் ஏற்கெனவே பலவீனம். உங்கள் கணவர் வயதும் உடம்பும் வேறு, அதனால் இதை அவருக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். நான் இதைச் சொல்வது வேறு ஒரு காரணத்துக்காக. வல்லத்தில் குடித்த அந்தக் காபி, அவர் போனதால் பொய்யாகிவிடவில்லை. நன்றாக முடிந்தால்தான் நடுவில் சிரித்தது செல்லும் என்று ஒரு கணக்கும் இல்லை. அந்த நாலு வருடத்தில் நாங்கள் சிரித்ததை நினைத்து நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சிரிக்காமல் விட்ட நாட்களை நினைத்துத்தான் வருத்தம். ஒரு பொங்கலுக்கு ‘வீட்டில் இப்படி இருக்கும்போது எதுக்கு’ என்று கோலம்கூடப் போடாமல் விட்டோம். அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் குத்துகிறது.

உங்கள் கணவர் மூலையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள், நீங்கள் சிரித்ததை அவர் பார்த்தாரா என்று. எனக்குத் தெரிந்த டயாலிசிஸ் நோயாளிகள் பலரும் தாகத்தைவிட அதிகமாகப் பயப்படுவது, தன்னால் வீடே இருண்டுவிட்டதோ என்றுதான். உங்கள் மகளும் பார்த்திருப்பாள். அம்மாவால் இன்னும் சிரிக்க முடியும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. அவளிடம் நடப்பதை மறைக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாட்டில் கணக்கு நன்றாகவே புரியும், அந்த வேலையை அவளிடமே கொடுங்கள்.

இன்னொன்று, டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாளில் ஒரு நாளாவது அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அண்ணிக்கு இதை நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் சொன்னோம்.

கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அத்தையின் பார்வையை எழுதினீர்கள், தூங்காததை எழுதினீர்கள். காதுகுத்தில் அப்படி எதற்குத்தான் சிரித்தீர்கள்? அதை எழுதுங்கள்.