பலகை விலையும் கைக்கு வந்த விலையும்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக, தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் அம்மா வாங்கிய இரட்டை வடச் சங்கிலியை டவுனில் விற்றேன். அம்மாவின் ரசீதில் 916, 24 கிராம் என்று இருக்கிறது. கடைப் பலகையில் அன்று கிராம் 520 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் கணக்குப்படி 12,480 வர வேண்டும். கைக்கு வந்தது 10,604. துண்டுச் சீட்டில் ‘எடை 23.5, விலை 475, சுசுட் 5%’ என்று எழுதிக் கொடுத்தார்கள். 60 கிராம் வெள்ளிக் கொலுசையும் கொண்டுபோயிருந்தேன், வெள்ளி நகை எடுப்பதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா? அதோடு, சாப்பிடவோ உழவோ உதவாத இந்த மஞ்சள் உலோகத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சீட்டைப் பத்திரப்படுத்தியது நல்லதாயிற்று. முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். மொத்தம் 1,876 வெள்ளி குறைந்திருக்கிறது. அரை கிராம் எடை குறைந்ததில் 260 போயிற்று. பலகையில் 520 இருக்க, 475க்கு எடுத்ததில் 1,058 போயிற்று. சுசுட், அதாவது தேய்மானக் கழிவு, என்று கழித்தது 558.

அந்த அரை கிராமை யாரும் எடுத்திருக்க வேண்டியதில்லை. 916 என்ற 22 காரட் பொன் (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) மென்மையானது. இரட்டை வடத்தில் ஒரு வடம் மற்றொன்றோடு ஆண்டுக்கணக்கில் உரசுகிறது. கண்ணிகள் தொட்டுக்கொள்ளும் உட்பக்கத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால், வட்டக் கம்பி அங்கே மட்டும் தட்டையாகத் தேய்ந்திருப்பது தெரியும். தராசில் அந்த ஆண்டின் பரிசோதனை முத்திரை இருந்து, எடை போட்டது உங்கள் கண்முன் என்றால் 23.5 என்பதை நம்பலாம்.

அடுத்தது விலை. பலகையில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை. அதன் வேர் லண்டனில் இருக்கிறது. அங்கே வேலை நாட்களில் காலை 10.30க்கும் மாலை 3 மணிக்கும் ஏலமுறையில் தங்கத்துக்கு விலை நிர்ணயமாகிறது. வெள்ளிக்கு நண்பகலில் ஒரே முறை. லண்டனின் மாலை விலை வரும்போது நமக்கு இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்திலும் சந்தை ஓடிக்கொண்டே இருப்பதால், கடைகள் பகலிலும் பலகையை அழித்து எழுதுகின்றன.

அங்கே விலை சொல்வது டிராய் அவுன்சுக்கு, அதாவது 31.1035 கிராமுக்கு. கணக்குக்காக அவுன்ஸ் 4,000 டாலர், டாலருக்கு 4.20 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000ஐ 31.1035ஆல் வகுத்து 4.20ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் கிராம் 540.13. அதை 0.916ஆல் பெருக்கினால் 494.76. கைபேசியில் ஒரு நிமிட வேலைதான், விற்கப் போகும் நாளில் அன்றைய எண்களைப் போட்டுப் பாருங்கள். ரிங்கிட் இறங்கினால், லண்டனில் விலை அசையாவிட்டாலும் நம் பலகையில் ஏறும்.

நீங்கள் விற்ற அன்றும் இதே எண்கள் என்றால், கடை கொடுத்த 475 என்பது உலோக விலைக்குச் சுமார் நான்கு விழுக்காடு கீழே. உருக்கிச் சுத்திகரிக்கும் செலவும், அதற்குள் விலை இறங்கினால் வரும் நட்டமும் அவர்கள் தலையில் என்பதால் அது நியாயமே. பழைய நகையில் இன்னொன்றும் உண்டு. கண்ணிகளை இணைக்கும் பற்றாசு, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதால் அதில் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைவு. 916 முத்திரை குத்திய சங்கிலியை மொத்தமாக உருக்கினால் அதற்குக் கீழே வருவது இதனால்தான்.

ஆனால் சுசுட் என்று தனியாக ஐந்து விழுக்காடு கழித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தேய்மானம் எடையில் தெரிந்துவிட்டது, மாற்றுக் குறைவும் உருக்குச் செலவும் 475இல் அடங்கிவிட்டன. பிறகு எதற்கு இன்னொரு கழிவு? சட்டப்படி மோசடி என்று சொல்லவில்லை. ஒரே காரணத்துக்கு இரண்டு முறை கழித்திருக்கிறார்கள், அவ்வளவே. ‘எல்லாம் போகக் கிராமுக்கு எவ்வளவு?’ என்று மூன்று கடைகளில் கேட்டிருந்தால் போதும். உங்களுக்குக் கிடைத்தது, எல்லாம் போக, 451.

அம்மா வாங்கியபோது கொடுத்த உப்பா, அதாவது செய்கூலி, எந்தக் கடையிலும் திரும்ப வராது. மீண்டும் பணமாக்கும் எண்ணத்தில் வாங்குபவர்கள் வேலைப்பாடு குறைந்த தடித்த வளையலோ, கட்டியோ வாங்குவது அதற்காகத்தான். அரக்கு நிரப்பிய குண்டு, கல் பதித்த பதக்கம் இவற்றில் இன்னும் நட்டம். அரக்கும் கல்லும் எடையிலிருந்து கழிபடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உதவாத உலோகம் என்றீர்கள். அதுதான் அதன் பலமே. அரிசி தின்று தீர்கிறது, இரும்பு துருவாகிறது. இதுவரை தோண்டிய தங்கத்தில் பெரும்பகுதி யாரிடமோ இன்னும் இருக்கிறது, எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக்கினால் பக்கத்துக்கு 22 மீட்டர்தான். ஆண்டுக்குப் புதிதாகச் சேர்வது அதில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால் ஒரு சுரங்கம் மூடினாலும் திறந்தாலும் விலை பெரிதாக அசையாது. இருப்பவர்கள் விற்கத் துணிகிறார்களா, பதுக்குகிறார்களா என்பதே விலையை ஆட்டுகிறது. அவர்களில் மத்திய வங்கிகளும் அடக்கம். கூடவே, போலியைக் கண்டுபிடிப்பதும் எளிது. 916இன் அடர்த்தி தண்ணீரைப்போல் 17.8 மடங்கை ஒட்டி இருக்கும். உங்கள் 23.5 கிராம் சங்கிலியை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டால் 22.18 அளவில் காட்ட வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலோ, கண்ணி உள்ளே குழலாக இருந்தாலோ கணக்குத் தப்பும்.

வெள்ளியின் கதை வேறு. ரிங்கிட்டை நாம் வெள்ளி என்றே சொல்கிறோம், ஒரு காலத்தில் அது வெள்ளி நாணயமாகவே இருந்ததால். 1903இல் வந்த நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) டாலர் 26.95 கிராம். வெள்ளி விலை ஏறி, நாணயத்தை உருக்கினால் லாபம் என்ற நிலை வந்ததும் 1907இல் அதை 20.2 கிராமாகச் சுருக்கினார்கள். இன்று வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குப் போகிறது. சூரிய மின்தகடு அதில் ஒரு பெரிய வாய். கிடைப்பதில் பெரும்பகுதியோ ஈயம், துத்தநாகம், செம்பு தோண்டும்போது கூடவே வருவது. எனவே விலை ஏறினாலும் உற்பத்தி உடனே கூடாது, தங்கத்தைவிட முரட்டுத்தனமாக ஏறி இறங்கும்.

உங்கள் கொலுசையே பாருங்கள். அவுன்ஸ் 50 டாலர் என்று வைத்தால் சுத்த வெள்ளி கிராம் 6.75. கொலுசு 80 விழுக்காடு என்றால் 60 கிராமுக்கு 324 வெள்ளி. சோதிக்க, சுத்திகரிக்க, அனுப்பத் தங்கத்துக்கு ஆகும் அதே உழைப்பு இதற்கும் ஆகும். எடுக்க மறுத்தது அதனால்தான்.

விற்க அலையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்திருந்தால் பல்பொடியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள், கறுப்போடு வெள்ளியும் போய்விடும். பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பு தூவி, கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். கல்லோ எனாமலோ பதித்ததற்கு இது வேண்டாம். பிறகு நன்றாகத் துடைத்து, காற்றுப் புகாத பையில் போடுங்கள். ரப்பர் வளையம் மட்டும் சுற்றாதீர்கள். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள், வெள்ளியைக் கறுக்க வைப்பது அதே கந்தகம்தான்.