அப்பா விட்டுட்டு போன மொய் நோட்டு: விருந்து வச்சு கடனை அடைக்கலாமா?

கேள்வி: சார் வணக்கம். எனக்கு வயசு 34, சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம், இப்ப கோயம்புத்தூர்ல வேலை, கைக்கு 46,000 வருது. அப்பா போன வருஷம் தவறிட்டாரு. 2019 ஆடில நாங்க மொய் விருந்து (ஊர கூப்பிட்டு கறி விருந்து போட்டு மொய் வாங்கறது, வாங்குனத அவங்கவங்க விருந்துல திருப்பி செய்யணும்) வச்சப்ப 11 லட்சத்து 40 ஆயிரம் வந்துச்சு, அதுல தங்கச்சி கல்யாணத்த முடிச்சாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஊர்ல யாரு விருந்து வச்சாலும் நாங்க திருப்பி செஞ்சுட்டு வர்றோம், சராசரியா வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல போகுது. கடைசி ரெண்டு வருஷம் சம்பளம் பத்தாம பர்சனல் லோன் போட்டு செஞ்சேன், அதுல இன்னும் மூன்றரை லட்சம் பாக்கி, வட்டி 15%. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைங்கற முறைப்படி 2024ல எங்க டர்ன் வந்துச்சு, அப்பாவுக்கு முடியாம போனதால வைக்கல. இப்ப ஊர்ல எல்லாரும், வர்ற ஆடில வை தம்பி, 15 லட்சம் வரும், கடன அடைச்சுட்டு ஜாலியா இருன்னு சொல்றாங்க. அம்மாவுக்கும் அதான் ஆசை. என் மனைவி இந்த கூத்தே வேணாம்னு சொல்றா. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, உங்க கேள்வி வந்ததும் நான் திருப்பி ஒண்ணே ஒண்ணு கேட்டேன், நோட்ட கூட்டி பாத்தீங்களான்னு. இல்ல சார், மூணு நோட்டு இருக்கு, அப்பா எழுத்து எனக்கு சரியா புரியலன்னு சொல்லி ஒரு பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்புனீங்க. அந்த போட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். நீளமான கணக்கு நோட்டு, மூலைல மஞ்சள் தடவுன கறை, இடது பக்கம் ஊர் பேரு, நடுவுல ஆளு, வலது பக்கம் பழசு (முன்ன வாங்குனத திருப்பறது) எவ்வளவு, புதுசு (அதுக்கு மேல வைக்கறது) எவ்வளவுன்னு ரெண்டு கட்டம். திருப்பி செஞ்சதுக்கெல்லாம் பென்சில்ல ஒரு சின்ன டிக். ஒரு பேங்க் மேனேஜர் கூட இவ்வளவு ஒழுங்கா லெட்ஜர் வச்சிருக்க மாட்டாரு. உங்க அப்பா நடத்துனது ஒரு சின்ன பைனான்ஸ், என்ன, அதுல வட்டி இல்ல, ரசீது இல்ல, வெளிய போற வழியும் இல்ல.

அப்புறம் நீங்க அம்மாவ பக்கத்துல வச்சுகிட்டு ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து கூட்டி அனுப்புன கணக்கு இது. 2019ல வந்த 11.40 லட்சத்துல 4.60 லட்சம், அப்பா அதுக்கு முன்னாடி செஞ்சது திரும்பி வந்தது, அது உங்க காசு. மிச்சம் 6.80 லட்சம் உங்க மேல ஏறுன புது மொய், அதாவது கடன். அதுல 4.10 லட்சம் திருப்பிட்டீங்க, பாக்கி 2.70 லட்சம். இதோட நின்னிருந்தா பரவால்ல, திருப்பி செய்யறப்ப எல்லாம் கூட புதுசு வச்சீங்க பாருங்க, அந்த வகைல ஊருக்குள்ள உங்க காசு 5.80 லட்சம் நிக்குது.

இப்ப ஊர்க்காரங்க சொல்ற 15 லட்சத்துக்கு வருவோம். வரும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுல உங்களுக்கு வரவேண்டிய பாக்கி 5.80 தான், மீதி 9.20 லட்சம் புதுக்கடன். ஏற்கனவே செய்ய வேண்டிய 2.70ஐ சேத்தா கிட்டத்தட்ட 12 லட்சம். மூன்றரை லட்ச கடன அடைக்கறதுக்கு 12 லட்சம் கடன்ல உக்காருங்கன்னு உங்களுக்கு யோசனை சொல்லி இருக்காங்க, அதுவும் சிரிச்ச முகத்தோட, கறி விருந்து போட்டு. அந்த காச 46,000 சம்பளத்துல இருந்து எப்படி திருப்புவீங்க? மறுபடி பர்சனல் லோன்ல தான். இதுக்கு மேல அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு விருந்து, அதுக்கு பின்னாடி உங்க பையன் கைல ஆறாவது நோட்டு.

மொய்ய நான் கெட்டதுன்னு சொல்ல வரல. பேங்க் பக்கத்துல இல்லாத காலத்துல, கந்துவட்டிக்காரன் வாசல்ல நிக்கறத தவிர வேற வழி இல்லாத விவசாயிக்கு, ஊரே சேந்து ஒரு நாள்ல மொத்தமா காசு குடுக்கறது எவ்வளவு பெரிய விஷயம். கிணறு வெட்டுனவங்க, பிள்ளைய படிக்க வச்சவங்க, உங்க தங்கச்சி கல்யாணம், எல்லாம் நடந்திருக்கு, அதையும் வட்டி இல்லாம நடத்தி இருக்கீங்க, அந்த 6.80 லட்சத்த நீங்களும் அனுபவிச்சிருக்கீங்க, அத மறக்கக்கூடாது. ஆனா இந்த முறை ஓடுறதுக்கு ஒரு விஷயம் வேணும், எல்லாரும் அதே ஊர்ல, ஏறக்குறைய ஒரே மாதிரி வருமானத்துல, சாகற வரைக்கும் இருக்கணும். இன்னைக்கு பாதி பேரு திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கான். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து உங்க பக்கம் தென்னைய எல்லாம் சாய்ச்சப்ப மொய் வாங்குனவங்க பலபேருக்கு திருப்பி செய்ய வழி இல்ல, அந்த காயம் ஆறதுக்குள்ள 2020ல கொரோனா, கூட்டமே கூடாதுன்னுட்டாங்க. சங்கிலில ஒரு கண்ணி விட்டா அடுத்தவன் பாக்கி நிக்குது, அவன் கந்துவட்டிக்கு வாங்கி செய்யறான். எதுல இருந்து தப்பிக்க இந்த முறை வந்துச்சோ கடைசில அங்கயே கொண்டு போய் விடுது.

இன்னொன்னு, இதுல நட்டம் கண்ணுக்கு தெரியாது. 1,000 செஞ்சோம், 1,000 வந்துச்சு, சரியாப் போச்சுன்னு தோணும். ஊருக்குள்ள நிக்கற உங்க 5.80 லட்சம் சராசரியா 3 வருஷம் நின்னுச்சுன்னு வைங்க, 7% எஃப்டில கிடந்திருந்தா 7.10 லட்சம் ஆகி இருக்கும். 1.30 லட்சம் சத்தமில்லாம போச்சு. அதவிட எனக்கு வயித்தெரிச்சல் எதுன்னா 15%க்கு பேங்க்ல வாங்கி 0%க்கு ஊருக்கு கடன் குடுத்திருக்கீங்க. இப்படி தொழில் பண்ற பைனான்ஸ்காரன் உலகத்துல எங்கயாவது இருப்பானா சொல்லுங்க.

அப்புறம் ஏன் புதுசு வைக்கறோம்? மைக்குக்காக தான். நான் மதுரை பக்கம், எங்க ஊர்ல இத செய்முறைன்னு சொல்லுவாங்க, காதுகுத்துக்கு கூட தெருவ அடைச்சு பந்தல் போட்டு மைக்ல பேரும் தொகையும் வாசிப்பாங்க. எங்க அப்பா இறந்தப்புறம் ஒரு காதுகுத்துக்கு போனேன், அப்பா காலத்து பாக்கி 500ஐ செஞ்சேன், எனக்கு முன்னாடி நின்னவரு 5,000 செஞ்சாரு, என் பேர வாசிக்கறப்ப காது சூடாயிடுச்சு, அடுத்த விசேஷத்துக்கு நானும் லூசு மாதிரி 5,000 வச்சேன். நானும் ஒரு பைனான்சியல் அட்வைசர்! இப்ப உங்க பக்கம் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி ரசீது குடுக்கறாங்க, நோட்டு எண்ண மெஷின் வைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். எண்ணுறதுக்கு மெஷின் வந்துருச்சு, வேணாம்னு சொல்றதுக்கு தான் ஒரு மெஷினும் வரல.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாத்துடுவோம், ஏன்னா உங்க மாதிரி சம்பளக்காரங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. சொந்தக்காரங்க இல்லாதவங்க கிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல மொத்தமா 50,000க்கு மேல அன்பளிப்பா பணம் வந்தா அந்த முழு தொகைக்கும் வரி உண்டு. கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணுக்கு வர்ற மொய்க்கு மட்டும் விலக்கு, ஆடி மாச விருந்து கல்யாணம் கிடையாது. சொந்தக்காரங்கன்னா அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, சித்தப்பா, மாமா, அத்தை வரைக்கும் சரி, சித்தப்பா பையனும் மாமா பையனும் வரிச்சட்டத்துக்கு சொந்தக்காரங்களே இல்ல, இத சொன்னா ஊர்ல சிரிப்பாங்க. சரி, இது அன்பளிப்பு இல்ல, திருப்பி தர்ற கடன் தானேன்னு சொன்னீங்கன்னா, ஒருத்தர் கிட்ட 20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கமா கடன் வாங்கவே கூடாதுன்னு இன்னொரு விதி நிக்குது. குடுக்கறவரு, வாங்கறவரு ரெண்டு பேருக்கும் விவசாய வருமானம் இருந்து வரி கட்டுற வருமானம் இல்லன்னா அந்த விதி தொடாது, உங்க அப்பாவுக்கு பொருந்தி இருக்கலாம், உங்களுக்கு பொருந்தாது. அதுக்கு மேல சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஒரு வருஷத்துல 10 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா போட்டா பேங்க் வருமான வரித்துறைக்கு சொல்லியே ஆகணும். அந்த 15 லட்சத்த கொண்டு போய் கட்டுனீங்கன்னா நோட்டீஸ்க்கு பதில் எழுதறதே தனி வேலையா போயிடும்.

அதே மாதிரி, அப்பா வாங்குன மொய்ய மகன் செஞ்சே ஆகணுமா? அப்பா கடன அடைக்கறது மகனோட தர்மக் கடமைங்கற ஒரே காரணத்த வச்சு மகன் மேல கேஸ் போட முடியாதுன்னு 2005ல இந்து வாரிசுரிமைச் சட்டத்துல திருத்தம் வந்துருச்சு, அவரு விட்டுட்டு போன சொத்து அளவுக்கு தான் பொறுப்பு. மொய்க்கு பத்திரம் கிடையாது, கைக்கடனுக்கு கேஸ் போட பொதுவா 3 வருஷம் தான் கெடு, உங்க சுத்தே 5 வருஷம். ஆக சட்டப்படி யாரும் உங்கள பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, நீங்களும் அந்த 5.80க்காக யாரையும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அம்மா அந்த ஊர்ல தான் இருக்காங்க, தண்ணி எடுக்க, கோயிலுக்கு, ரேஷன் கடைக்கு அந்த முகங்கள பாத்துகிட்டு தான் போகணும். அதனால 2.70ஐ கைகழுவிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வாங்குனத குடுத்துடணும், அதுல பேச்சே இல்ல. நான் விடச் சொல்றது அந்த புதுச தான்.

உங்க மனைவி சொல்றதும் சரி, அம்மா சொல்றதுலயும் பாதி சரி. விருந்து வைங்க, கடைசி தடவையா. உங்க பக்கம் நாலஞ்சு பேரு சேந்து ஒரே பந்தல்ல வைக்கற வழக்கம் இருக்கே, அப்படி சேந்துகிட்டா கறி, பந்தல், பத்திரிகை எல்லாம் சேத்து உங்க பங்கு 60,000க்குள்ள முடிக்க பாருங்க. பத்திரிகையிலயே போட்டுடுங்க, பழைய மொய் மட்டும் வாங்கறோம், புது மொய் வேண்டாம்னு. எழுதற இடத்துல உக்கார்ற ஆள் உங்க ஆளா இருக்கணும், கைல அந்த நோட்டு காப்பி இருக்கணும், 3,000 பாக்கி உள்ளவரு 5,000 நீட்டுனா 3,000 எழுதிட்டு 2,000ஐ கைல திருப்பி குடுத்துடணும். கோவிச்சுக்குவாங்க, என்னப்பா பெரிய ஆளாயிட்டியான்னு கேப்பாங்க, அந்த ஒரு நாள் கேட்டுக்கங்க. தனித்தனியா 20,000 அல்லது அதுக்கு மேல செய்யறவங்கள அக்கவுண்ட்ல போட சொல்லிடுங்க, வர்றது உங்க பழைய காசு தான்னு காட்ட நோட்டையும் பத்திரமா வைங்க, முன்கூட்டியே ஒரு ஆடிட்டர ஒரு தடவ பாத்துட்டா நல்லது.

எல்லாரும் திருப்பி செய்ய மாட்டாங்க, இருந்தாலும் 5.80ல 80% வரும்னு வச்சுக்குவோம், 4.64 லட்சம். செலவு 60,000 போக 4.04. இத அப்படியே லோன்ல கட்டி முடிச்சுடலாம்னு கை பரபரக்கும், கணக்குப்படி பாத்தா 15% கடன முதல்ல அடைக்கறது தான் சரியும் கூட. ஆனா அடுத்த ஆடில ஒரே மாசத்துல ஆறு விருந்து வந்து நின்னுச்சுன்னா மறுபடி லோனுக்கு போவீங்க, உங்கள பத்தி எனக்கு இப்ப கொஞ்சம் தெரியும். அதனால நீங்க செய்ய வேண்டிய 2.70ல பாதிய, 1.35 லட்சத்த, தனியா ஒரு எஃப்டில போட்டுடுங்க, அது மொய்க்கு மட்டும். மிச்சம் 2.69 லட்சத்த லோன்ல கட்டுங்க, 81,000 தான் பாக்கி நிக்கும். முன்கூட்டி கட்டுனா சார்ஜ் எவ்வளவுன்னு பேங்க்ல கேட்டுட்டு கட்டுங்க. இஎம்ஐ இப்ப 12,000 சொச்சம் கட்டுறீங்க, அத குறைக்காம அப்படியே கட்டுனா ஏழெட்டு மாசத்துல லோன் முடிஞ்சிடும், அப்புறம் அதே 12,000ஐ ஒரு வருஷம் ஆர்டில போட்டா இன்னொரு பாதி மொய்க்கும் காசு வந்துடும். போற விருந்துக்கெல்லாம் வாங்குன அதே தொகைய செய்ங்க, ஒரு ரூபா காயின் கூட வேணும்னா வைங்க, சம்பிரதாயத்துக்கு. டிக் போடுங்க. புதுசு கட்டத்துல கோடு போடுங்க.

சாப்பாட்டுக்கு போறத நிறுத்தாதீங்க, அது வேற.

ஒரு அவசர வேலை மட்டும் இருக்கு. நீங்க அனுப்புன பக்கத்துல கீழ இருந்து நாலாவது வரில பேரே இல்லாம "பம்புசெட் மாமா, 15,000"ன்னு மட்டும் இருக்கு, டிக்கும் இல்ல. இந்த மாதிரி இன்னும் எத்தனை வரி இருக்கோ, அது யாரு, வாங்குனதா குடுத்ததான்னு அம்மாவுக்கு மட்டும் தான் தெரியும். இந்த வாரமே ஊருக்கு போய் அவங்கள கேட்டு பக்கத்துலயே முழு பேரையும் எழுதிடுங்க, முடிஞ்சா அவங்க சொல்றத போன்ல ரெக்கார்ட் பண்ணியும் வைங்க.