கல்லீரலில் பரவியது என்றாலே ஆபரேஷன் இல்லை என்று அர்த்தமா?

உங்கள் அம்மாவுக்கு சினைப்பை புற்றுநோய், ஸ்கேனில் கல்லீரலிலும் கட்டி என்று எழுதியிருந்தீர்கள். "முதலில் 3 கீமோ, அப்புறம் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னதும், அவர் அம்மாவைக் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டீர்கள். பயப்படாதீர்கள், அது கைவிடுவது அல்ல. கீமோவில் கட்டியைச் சுருக்கிவிட்டு நடுவில் அறுவை சிகிச்சை செய்வது வழக்கமான முறைதான்.

ரிப்போர்ட்டை எடுத்து ஒன்றை மட்டும் பாருங்கள்: கட்டி கல்லீரலின் மேலுறையில் ஒட்டியிருக்கிறதா, உள்ளே திசுவுக்குள் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. மேலுறையில் மட்டும் என்றால் அது 3ஆம் நிலைக்குள்தான் வரும். பல சமயம் உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறையோடு சேர்த்து உரித்தே எடுத்துவிடுவார்கள். உள்ளே இருந்தால் 4பி நிலை. அப்போதும் கட்டிகள் ஒன்றிரண்டாக, பெரிய ரத்தக்குழாய்களை விட்டுத் தள்ளி இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம், சிறியதைச் சூட்டால் பொசுக்கவும் செய்யலாம். மீதிக் கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டும். சி.டி.யில் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

ஆனால் கல்லீரலில் மட்டும் எடுத்துப் பயனில்லை. வயிற்றில் கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிஞ்சாமல் எடுக்க முடியும் என்றால்தான் இவ்வளவு பெரிய அறுவைக்கு அர்த்தம் உண்டு. அதனால், கல்லீரல் அறுவை நிபுணரும் மகளிர் புற்றுநோய் நிபுணரும் சேர்ந்து ஸ்கேனைப் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் மருந்து) கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதை அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தினால்தான் காயம் ஒழுங்காக ஆறும்.

ரிப்போர்ட்டில் கல்லீரல் பற்றிய வரிகளை, பெயரை மறைத்து இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.