ஏற்காட்டில் டிஸ்க் ஏன் இடப்பக்கம் விழுகிறது?

கேள்வி: சேலத்தில் நேராகப் பறக்கும் என் லெப்பர்ட் டிஸ்க் (டிஸ்க் கோல்ஃபில் கூடையை நோக்கி எறியும் தட்டு), ஏற்காட்டில் சீக்கிரமே இடப்பக்கம் சாய்கிறது. வேகமான டெஸ்ட்ராயர் டிஸ்க் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: டிஸ்க்கில் கோளாறு இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. அதனால் வலது கை பேக்ஹேண்ட் வீச்சில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து எறிவது), முதலில் வலப்பக்கம் திரும்புவது குறைந்து, கடைசியில் வரும் இடச்சாய்வு முந்திக்கொள்கிறது.

டெஸ்ட்ராயர் வேண்டவே வேண்டாம். டிஸ்க் பறக்கும் விதத்தைக் காட்டும் எண்கள், வேகம், மிதப்பு, திருப்பம் (முதலில் வலப்பக்கம்; மைனஸ் கூடினால் அதிகம் திரும்பும்), சாய்வு (கடைசியில் இடப்பக்கம்) என்ற வரிசையில், லெப்பர்டுக்கு 6, 5, -2, 1; டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. அதன் அகலமான விளிம்பு சின்னக் கைக்கு அடங்காது. போதிய வேகம் கிடைக்காவிட்டால் திரும்பாமலே இடப்பக்கம் போய் விழும்.

லெப்பர்டையே 150 கிராம் எடையில் எடுங்கள், சுலபமாகத் திரும்பும். டிஸ்க் பல பிளாஸ்டிக் வகைகளில் வருகிறது: பனிமூட்டத்தில் சாம்பியன் வகை வழுக்கும், டிஎக்ஸ் வகை நன்றாகப் பிடி கொடுக்கும். டிஎக்ஸ் பாறையிலும் மரத்திலும் பட்டு விளிம்பு தேய்ந்தால் வலப்பக்கம் கூடுதலாகத் திரும்பும். மலைக்கு அதுதான் தோது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் விளிம்பின் உட்பக்கத்தைப் பருத்தித் துண்டால் துடையுங்கள். விரல் வழுக்குவது அங்கேதான்.