பாடி கட்டியவர் போட்ட டீசல் ஹோஸ் வெடித்துப் பம்ப் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: புது டீசல் வேன் வாங்கி, ஒரு பாடி கட்டும் நிறுவனத்தில் 11,80,000 ரூபாய் கொடுத்துக் கேரவனாக மாற்றினேன். தண்ணீர்த் தொட்டிக்கு இடம் வேண்டுமென்று டீசல் டேங்கைப் பின்னால் நகர்த்தி, இடையில் ரப்பர் ஹோஸ் போட்டார்கள். வண்டி கைக்கு வந்து 20 மாதம் ஆகிறது. முதலில் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டது. போன வாரம் மலை ஏற்றத்தில் இழுவை போய் நின்றுவிட்டது. பார்த்தால் ஹோஸில் வெடிப்பு, கீழே டீசல் கசிவு. ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்று சர்வீஸ் சென்டர் 1,85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. ஹோஸ் எங்களுடையது இல்லை, வாரண்டி கிடையாது என்கிறார்கள். பாடி கட்டியவரோ வாரண்டி ஒரு வருடம்தான், ரப்பர் தேய்மானப் பொருள் என்கிறார். இன்சூரன்ஸும் மறுத்துவிட்டது. வண்டி எங்கள் குடும்பத்துக்காக வாங்கியது. இரண்டு முறை மட்டும் தெரிந்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தேன். நான் யார் மீது வழக்குப் போட வேண்டும்?

பதில்: யார் மீது வழக்கு என்பதை விட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய ஹோஸ் இப்போது எங்கே? கழற்றிப் போட்டிருந்தால் இன்றே போய் வாங்கி வையுங்கள். இன்னும் வண்டியில் இருந்தால், கழற்றுவதற்கு முன் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். எந்த வளைவில் வெடித்திருக்கிறது, சைலன்சர் பைப்புக்கும் டர்போவுக்கும் எவ்வளவு அருகில் போகிறது, கிளாம்ப் எங்கே ரப்பரைக் கடித்திருக்கிறது என்பதெல்லாம் தெரியவேண்டும். கிலோமீட்டர் மீட்டரையும் ஒரு படம் எடுங்கள். கழற்றிய துண்டை வளைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே எப்படி இருக்கிறதென்று நீளவாக்கில் வெட்டவும் செய்யாதீர்கள். இரண்டு முனையையும் மூடி, அலுமினியத் தாளில் சுற்றி, பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பழைய டீசல் ஃபில்டரையும் கழற்றிய பம்பையும் அதேபோல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கின் உயிர் இந்தப் பொருட்களில்தான் இருக்கிறது.

காரணம், குறைபாடு இருப்பதைப் பரிசோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(2)(சி)-யின்படி நுகர்வோர் ஆணையமே மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகம் 45 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு ஹோஸே இல்லையென்றால் உங்கள் சொல்லுக்கு எதிராகப் பாடி கட்டியவரின் சொல் நிற்கும்.

அடுத்து, ஹோஸின் மேலுள்ள அச்சு எழுத்தைப் படியுங்கள். வண்டி தயாரித்தவர் போட்ட ஹோஸாக இருந்தால் பெரும்பாலும் அவருடைய பார்ட் நம்பர் இருக்கும். டீசலுக்கென்று செய்த ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7, ஆர்9 போன்ற தரக்குறியீடோ, டின் 73379 என்ற குறியீடோ இருக்கும். தயாரித்த காலமும் பல ஹோஸ்களில் அச்சாகியிருக்கும். அச்சே இல்லை, அல்லது தண்ணீர், காற்று ஆகியவற்றுக்கான ஹோஸ் என்று இருக்கிறது என்றால் வழக்கில் பாதி வேலை முடிந்தது. வெடித்தது தயாரிப்பாளரின் மூல ஹோஸ் என்று தெரிந்தால் நான் கீழே சொல்வதெல்லாம் மாறும். அப்போது எதிர்த்தரப்பு வண்டி நிறுவனம். அந்த நிலையில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 110ஏ-யின் கீழ் வண்டிகளைத் திரும்பப் பெற வைக்கும் வழியும் உண்டு. அது ஒரே வகைக் குறைபாடு பல வண்டிகளில் தெரியும்போதுதான் பலன் தரும். உங்கள் கடிதத்தின்படி இது பாடி கட்டியவர் போட்ட ஹோஸ் என்றே வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

‘ரப்பர் என்றால் தேயத்தான் செய்யும்’ என்ற பேச்சுக்குப் பதில் பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. சாதாரண நைட்ரைல் ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சேர்மத்தை டீசல் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். எஞ்சின் சூடும் சேர்ந்தால் ரப்பர் இறுகி வெடிக்கும். பயோடீசல் கலந்திருந்தால் சில ரப்பர்கள் முதலில் ஊதிப்போய், உள்சுவர் உரிய ஆரம்பிக்கும். 20 மாதத்துக்கு முன் ஹோஸ் வாங்கியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எரிபொருளுக்கென்று செய்த ஹோஸ், சரியான வளைவில், சூட்டிலிருந்து தள்ளிப் போயிருந்தால் 20 மாதத்தில் வெடித்திருக்க வாய்ப்பு குறைவு. எனவே இது தேய்மானம் ஆகாது, தவறான பொருளைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

உங்கள் வண்டி காட்டிய அறிகுறிகளும் இதோடு பொருந்துகின்றன. டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் குழாய் பல வண்டிகளில் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு வந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே வருவதை விடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். நின்றிருக்கும்போதுதான் கசியும், இரவெல்லாம் லைனில் காற்று புகுந்து காலையில் ஸ்டார்ட் ஆகாது. உள்சுவர் உரிந்திருந்தால் மலையில் பம்ப் வேகமாக இழுக்கும்போது அது உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் திரும்ப ஓடும். காமன் ரெயில் வண்டியின், அதாவது ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி இன்ஜெக்டர்களுக்குத் தரும் வண்டியின், ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் மசகு. காற்று புகுந்தால் மசகு குறைந்து உலோகம் உலோகத்தோடு உரசும். பம்ப் போனது ஹோஸினால்தான் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். இதில்தான் பல புகார்கள் தோற்கின்றன. எனவே சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: ஃபில்டரில் ரப்பர் துகள் இருந்ததா, பம்புக்கு முன் உள்ள லைனில் காற்றுக் குமிழி வந்ததா, ரெயிலிலும் இன்ஜெக்டரிலும் உலோகத் துகள் இருந்ததா. குமிழியைப் பார்க்க, பம்புக்கு முன்னால் ஒரு சிறு கண்ணாடிபோன்ற ஹோஸ் துண்டைத் தற்காலிகமாகப் போட்டாலே போதும். ‘பம்ப் ஃபெயிலியர்’ என்று மட்டும் எழுதிய பில் எதையும் நிரூபிக்காது.

ரிப்பேரைத் தொடங்கும் முன் பாடி கட்டியவருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு அறிவிப்பு அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ‘வண்டி இந்த சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. 7 நாட்களுக்குள் உங்கள் ஆளை அனுப்பி ஹோஸையும் பம்பையும் பார்வையிடலாம். வராவிட்டால் ரிப்பேர் செய்யப்படும், கழற்றிய பாகங்கள் என்னிடம் பாதுகாப்பாக இருக்கும்’ என்று எழுதினால் போதும். எனக்குத் தெரியாமல் ஆதாரத்தை அழித்துவிட்டார் என்று பிறகு அவர் சொல்லமுடியாது. அதே நாளில் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரைக் கூட்டிவந்து அறிக்கை வாங்கினால் மிக நல்லது. அவருடைய பிரமாண வாக்குமூலமும் பின்னால் தேவைப்படும். போனில் எடுத்த படங்களைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழையும் சேர்க்க வேண்டும்.

இப்போது வழக்குக்கு வருவோம். பாடி கட்டியவர் மீது புகாரைப் பொருளில் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற இரண்டின் கீழ், அதாவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10), 2(11)-இன் கீழ் முதன்மையாக அமையுங்கள். ‘பொருள் சார்ந்த பொறுப்பு’ என்ற அத்தியாயத்தை மட்டும் நம்பிப் போடாதீர்கள். அந்த அத்தியாயத்தில் ‘தீங்கு’ என்பதன் விளக்கம், பிரிவு 2(22), அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தையும் வாரண்டி மீறலால் வந்த சேதத்தையும் விலக்கிவிடுகிறது. கேரவன் முழுவதும் ஒரே பொருள் என்று அவர் வாதாடினால் பம்ப் செலவு அதில் சிக்கிக்கொள்ளும். பம்ப் வேனோடு வந்தது, அவர் செய்து தந்தது வேறு, எனவே இது ‘வேறு சொத்துக்கு’ நேர்ந்த சேதம் என்று மாற்று வாதமாக பிரிவு 84-ஐயும் ஒரு பத்தியில் சேர்த்துவிடுங்கள். வடிவமைப்புக் குறைபாடு, போதுமான எச்சரிக்கை தராதது இரண்டும் அந்தப் பிரிவில் வருகின்றன. வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கும் என்பது கேரவன் கட்டுபவருக்குத் தெரியாத ரகசியமா? ஹோஸை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

ஒரு வருட வாரண்டி முடிந்தது என்பது வழக்கின் முடிவு இல்லை. எழுத்தில் கொடுத்த வாரண்டி வேறு, பொருள் அதன் பயனுக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16 விதிக்கும் நிபந்தனை வேறு. டீசல் போகும் பாதையில் டீசலைத் தாங்காத ஹோஸைப் போட்டால் குறைபாடு முதல் நாளிலேயே இருக்கிறது, வெளியே தெரிந்தது மட்டுமே பிறகு. அந்த வாரண்டி நிபந்தனையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியாக நிவாரணம் கேட்கும் ஆசை வரலாம். வேண்டாம். அந்த வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்டத்தில் கேட்டால் அதிகார வரம்பு பற்றிய தகராறில் மாதங்கள் போய்விடும்.

காலவரையறையில் ஏமாந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. மறைந்திருந்த குறைபாடு வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனாலும் டெலிவரி நாளிலிருந்துதான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். டெலிவரி ஆகி 20 மாதம்தானே ஆகிறது? அடுத்த நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்தால் அந்த வாதம் எழவே இடமில்லை. நோட்டீஸ் அனுப்புவதாலோ, ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று அவர் இழுத்தடிப்பதாலோ காலம் நீளாது. நோட்டீஸில் 15 நாள் கெடு வைத்து, அது முடிந்ததும் தாக்கல் செய்யுங்கள்.

நீங்கள் செலுத்திய தொகை 11,80,000 ரூபாய். 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். பாடி கட்டியவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று பிரிவு 34(2)(டி) சொல்கிறது. ஈ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவே போடலாம். பம்ப், இன்ஜெக்டர், லைன் சுத்தம், வண்டியைத் தூக்கி வந்த செலவு, சர்வேயர் கட்டணம், தரமான ஹோஸுக்கு முழு லைனையும் மாற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்குக் கேட்கும் தொகையை நியாயமாக வையுங்கள். பெரிய தொகை போட்டால் மற்ற கணக்கின் மீதும் சந்தேகம் வரும்.

வாடகை விஷயத்தை மறைக்காதீர்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் ஆயுதம். ஆனால் முதன்மை நோக்கம் என்ன என்றுதான் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் 2019-இல் சொல்லியிருக்கிறது. குடும்பப் பயணங்களுக்கான சுங்கச்சாவடி ரசீதுகள், கேம்ப் பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். சொந்தப் பயன்பாட்டுப் பதிவில் உள்ள வண்டியை வாடகைக்கு விடுவது பர்மிட் மீறல். இனி அதைச் செய்யாதீர்கள். கேரவனாக மாற்றியது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)-இன்படி உரிமையாளரே ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ சந்திக்க நேரலாம். பதிவாகவில்லை என்றால் வழக்குப் போடும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சரிசெய்ய முயலுங்கள்.

வண்டி நிறுவனத்தைச் சேர்க்க வேண்டாம். மூல ஹோஸில் கோளாறு இல்லாதபோது அவர்களைச் சேர்த்தால், ‘மாற்றம் செய்யப்பட்ட வண்டி’ என்ற அவர்களுடைய வலுவான பதில் உங்கள் வழக்கைத்தான் குழப்பும். பம்ப் மீதான இன்சூரன்ஸ் மறுப்பும் பெரும்பாலும் சரியே. இயந்திரக் கோளாறும் தேய்மானமும் வழக்கமான மோட்டார் பாலிசியில் விலக்கு. ஆனால் தீ விபத்து பாலிசிக்குள் வரும். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பதும் அதே பாலிசியின் நிபந்தனை. கசிவு தெரிந்தபின் ஓட்டி, டர்போ சூட்டில் டீசல் பட்டுத் தீப்பிடித்தால் உயிருக்கு ஆபத்து, அதற்குப் பின் கிளெய்மும் தகராறில் போகும். உறிஞ்சும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மாற்றும்போது எரிபொருள் தரக்குறியீடு அச்சான ஹோஸையே போடச் சொல்லுங்கள். அந்தக் குறியீடும், நீளமும், உள்விட்டமும் பில்லில் வரவேண்டும். அந்த பில்லைப் புகாரோடு இணையுங்கள்: முதலில் என்ன போட்டிருக்க வேண்டும் என்பதற்கு ஆணையத்தின் முன் அதுவே ஒப்பீடு.