ஈஎஸ்பி32 கருவி மேசையில் ஓடுகிறது, கடையில் வைத்தால் நின்றுவிடுகிறது: மின்சாரமா, சூடா, வைஃபையா?

குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை அளந்து போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்னக் கணினிச் சிப் பலகையில் செய்திருக்கிறீர்கள். வீட்டு மேசையில் வாரக்கணக்கில் ஓடியது, கடையில் பொருத்தியதும் இரண்டு நாளில் நின்றுபோகிறது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்கிறீர்கள்.

மின்சாரத்தைப் பாருங்கள். ஆனால் மூன்றையும் தனித்தனி நோயாக எண்ணி மருந்து தேடாதீர்கள். வைஃபை அறுந்தால் ரேடியோ ஓயாமல் தேடும். தேடினால் கரண்ட் இழுக்கும். கரண்ட் இழுத்தால் வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் சுடும், வோல்ட் இறங்கும். வோல்ட் இறங்கினால் சிப் ரீசெட் ஆகி மறுபடியும் முதலிலிருந்து தேடத் தொடங்கும். ஒன்று மற்றதைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கும்.

இதை நான் படித்த இடம் கொழும்பு வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் என் மாமா பாமசி வைத்திருக்கிறார். இன்சுலின் வைக்கும் பெட்டி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில்தான் அவருக்கு இந்தக் கருவியைச் செய்து கொடுத்தேன். பிறகு மின்வெட்டு நின்றது, கருவியும் ஓடிக்கொண்டிருந்தது, நான் மறந்துவிட்டேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. கடை பூட்டியிருந்தது. என் கருவிக்குப் பற்றரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டர் செத்ததும் பலகை அதை விடாமல் தேடியிருக்கிறது. உள்ளே இருந்தது பழைய லேப்டாப் பற்றரியில் கழற்றிய 18650 லித்தியம் செல், சில மணித்தியாலத்தில் அதுவும் இறங்கிவிட்டது. மாலையில் கரண்ட் வந்தபோது பலகை ஓரிரு செக்கனில் எழுந்தது, ரவுட்டர் எழ இரண்டு நிமிடம் ஆனது. என் நிரலோ இருபது முறை, அரை செக்கனுக்கு ஒரு முறை முயன்றுவிட்டு, வைஃபை இல்லை என்று முடிவு செய்து அப்படியே நின்றது. இணையம் இல்லாததால் நேரமும் தெரியவில்லை. திங்கள் காலை பதிவைத் திறந்தால், நேரம் தெரியாத கருவி காட்டும் தொடக்க நேரமான 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று இருந்தது. பெட்டி எத்தனை மணித்தியாலம் 8 பாகைக்கு மேலே இருந்தது என்று சொல்ல ஒரு வரி இல்லை.

மாமா என்னை ஏசவில்லை. "தம்பி, இதை இனி ஆருக்கு நம்பிக் குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அன்று பெட்டியிலிருந்த இன்சுலின் முழுவதையும் ஒதுக்கி வைத்தார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் கருவிக்கு வருவோம். முதலில் இரண்டு தடயங்களைத் தேடுங்கள். எதற்காக ரீசெட் ஆனாய் என்று சிப்பிடமே கேட்கலாம். கருவி எழும்பியதும் அந்தக் காரணத்தைப் பதிவு செய்யுங்கள்: பிரவுன்அவுட்டா (வோல்ட் இறங்கியதா), வாட்ச்டாக்கா (நிரல் உறைந்து காவல் கடிகாரம் ரீசெட் செய்ததா), சாதாரணமாகக் கரண்ட் வந்ததா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, உங்கள் சென்சர் டிஎஸ்18பி20 என்றால், பதிவில் 85 பாகை என்று எங்காவது வருகிறதா பாருங்கள். அந்தச் சென்சர் மின்சாரம் பெற்று எழும்பும்போது காட்டும் தொடக்க எண் அது. குளிர்பெட்டிக்குள் 85 என்றால், சென்சருக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் அறுந்திருக்கிறது, அல்லது அளந்து முடிக்கத் தேவையான 750 மில்லி செக்கனை நீங்கள் கொடுக்கவில்லை.

பிரவுன்அவுட் என்று வந்தால் நிரலைத் தொடாதீர்கள், வயரைப் பாருங்கள். வைஃபையில் அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 240 மில்லி அம்பியர் வரை இழுக்கும், 500 கொடுக்கக்கூடிய மின்வழங்கி வைக்கச் சொல்வது அதனால்தான். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் மெல்லிய யூஎஸ்பி வயர் அந்த இழுவையில் வோல்ட்டைத் தின்றுவிடும். தடித்த குட்டை வயர், பலகையின் மின்முனைக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 470 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று. பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். ரவுட்டர் மூன்று நான்கு மீற்றரில் இருந்தால் வைஃபை அனுப்பும் வலுவையும் குறைத்து விடுங்கள், இழுவையும் குறையும் சூடும் குறையும்.

சூட்டைப் பற்றி. பலகையிலுள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் மிச்ச வோல்ட்டைச் சூடாக்கித்தான் கழிக்கும். 5 வோல்ட் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போகும். 12 வோல்ட் கொடுத்தீர்கள் என்றால் 240 மில்லி அம்பியரில் 2 வாட் அந்தச் சின்னச் சிப்பிலேயே எரியும். அதற்கு முன்னால், அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வேர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். கொழும்பில் வருடம் முழுக்க 27, 28 பாகைதான் சராசரி, அது சிப்புக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் குளிர்பெட்டியின் பின்பக்கம், கம்பிரசரின் சூட்டுக்காற்று வரும் இடத்தில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் கதை வேறு. சிப் தாங்கும், லித்தியம் செல் தாங்காது. அதை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக் கூடாது. சந்தையில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் பலகைகள் பெரும்பாலானவற்றில் சூடு பார்க்கும் கால் (பின்) மின்சுற்றின் கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருக்கும், அதாவது அந்தப் பாதுகாப்பு வேலையே செய்யாது. பழுது என்று தெரியாமலே ஆபத்து ஓடிக்கொண்டிருக்கும். செல்லுக்குப் பக்கத்தில் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் ஒன்றை வைத்து, சூடானால் சார்ஜை நீங்களே நிறுத்துங்கள். சார்ஜர் பலகையிலுள்ள 1.2 கிலோ ஓம் தடையை 4 கிலோ ஓமாக மாற்றினால் சார்ஜ் கரண்ட் 1 அம்பியரிலிருந்து 300 மில்லி அம்பியராக இறங்கும். மெதுவாகச் சார்ஜ் ஆனால் ஒன்றும் குறையாது. கடலுக்குப் பக்கம் என்றால் பலகைக்கு ஒரு பூச்சும் பூசுங்கள். வெள்ளவத்தையில் உப்புக்காற்று பித்தளை முனைகளைப் பச்சையாக்கிவிடும்.

அப்புறம் நிரல். நான் திருப்பி எழுதியபோது செய்த பெரிய மாற்றம், கரண்ட் இருக்கிறதா என்று கருவிக்கே தெரிய வைத்ததுதான். அடாப்டரின் 5 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் தடைகளால் பாதியாக்கி 34 ஆம் காலுக்குக் கொடுத்தேன். வோல்ட் அளக்கும் கால்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு கூட்டம், இதில் ஏடிசி2 கால்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது, 32 முதல் 39 வரையிலான ஏடிசி1 கால்களில் ஒன்றையே எடுங்கள். கரண்ட் இருந்தால் வைஃபையைத் தேடலாம், அதுவும் 10 செக்கன், 20, 40 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, பத்து நிமிடம் வரை. கைவிடவே கூடாது. கரண்ட் இல்லாவிட்டால் ஆழ்ந்த உறக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழும்பி, அளந்து, உறக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் எழுதிவிட்டுப் படுத்துவிடும். வைஃபையை அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறைதான் தொடும், 8 பாகை தாண்டினால் மட்டும் உடனே. பற்றரி சாகப்போகிறது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே தடவையில், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றும். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்று, சின்ன நாணயப் பற்றரியோடு.

உறக்கத்தில் சிப் 10 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி பற்றரிக் கணக்குப் போடாதீர்கள். பலகையில் உள்ள ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கவே சுமார் 5 மில்லி அம்பியர் குடிக்கும், சிவப்பு விளக்கு வேறு எரிந்துகொண்டிருக்கும். நான் விளக்கைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டரையும் மாற்றினேன்.

திரும்பவும் கடையில் வைக்கும் முன்பு மூன்று சோதனை செய்யுங்கள். ரவுட்டரின் பிளக்கை மட்டும் ஓர் இரவு கழற்றி வையுங்கள். அடுத்த நாள் கருவியின் அடாப்டரை மட்டும். பிறகு இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, பற்றரி முழுக்கச் சாகும் வரை விட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் போடுங்கள். மூன்றாவதில்தான் மாமாவின் கருவி அன்று தோற்றது. ரீசெட் காரணம் என்ன வந்தது, 85 இருந்ததா என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.